கெல்டிக் குஸ்தி: மீசையில் மண் ஒட்டினாலும் தோல்வி இல்லை

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நாம் கேலி பேசுவோமே, அதை பிரான்சின் மேற்குக் கோடியில் இருக்கும் பிரிட்டனியில் போய்ச் சொன்னால் எடுபடாது. அங்கே ஆடும் கூரென் என்கிற மல்யுத்தத்தில் குப்புற விழுவது தோல்வியே இல்லை. மீசை முழுக்க மரத்தூள் அப்பினாலும் எழுந்து, உதறிக்கொண்டு, மறுபடி பிடி போடலாம். இது தெரியாமல் பார்க்கிறவர்கள் செய்யும் முதல் தப்பு, யார் கீழே விழுந்தாலும் "ஆச்சு, தோத்துட்டான்" என்று முடிவு கட்டிவிடுவது. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் பார்த்தேன், பாதி ஆட்டங்களில் ஜெயித்தவர் யார் என்றே எனக்குப் புரியவில்லை.

கூரெனில் ஒரே ஒரு விழுகைதான் ஆட்டத்தை அங்கேயே முடிக்கும். அதற்குப் பெயர் லாம். உடம்பின் வேறு எந்தப் பகுதியும் தரையைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு தோள்பட்டைகளும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், அதாவது சுத்தமாக மல்லாக்க விழ வேண்டும். கொஞ்சம் பிசகி ஒரு தோள் மட்டும் பட்டால் அது கோஸ்டின், நேரம் முடிந்தும் லாம் விழவில்லை என்றால் கணக்குக்கு உதவும். பக்கவாட்டிலோ குப்புறவோ விழுந்தால் நெட்ரா. பிரெட்டன் மொழியில் அதற்கு 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம், நிஜமாகவே ஒன்றுமில்லைதான்.

சரி, இந்த விதியைத் தெரிந்துகொண்ட கையோடு அடுத்த தப்பு காத்திருக்கிறது: கெல்டிக் மல்யுத்தம் (பிரிட்டனி, ஸ்காட்லாந்து, கார்ன்வால், அயர்லாந்து போன்ற கெல்டிக் மொழி மரபுள்ள பகுதிகளின் மல்யுத்தம்) என்றால் எல்லாம் இதுதான் என்று நினைத்து ஸ்காட்லாந்து ஆட்டத்தையும் இதே கண்ணால் பார்ப்பது. அங்கே மலைநாட்டு விளையாட்டு விழாக்களில் நடக்கும் பேக்ஹோல்டில் கதையே வேறு. இருவரும் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நின்று, எதிராளியின் வலது தோளில் மோவாயை வைத்து, ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாகக் கட்டிப்பிடித்து, அவர் முதுகுக்குப் பின்னால் தம் விரல்களைக் கோத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு பாதம் தவிர உடம்பில் எது தரையைத் தொட்டாலும், அது முழங்கால் நுனியாக இருந்தாலும், போச்சு. தாங்கிக்கொள்ளலாம் என்று பாதியில் கையை விட்டாலும் தோல்விதான். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுவார்கள், ஏனென்றால் சாய்ந்தால் கையை நீட்டுவது உடம்பின் பழக்கம். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் இருக்கும் கார்ன்வாலில் இன்னொரு கணக்கு. அங்கே முரட்டுத் துணியில் தைத்த ஒரு மேல்சட்டையைப் பிடித்துத்தான் ஆட வேண்டும். இரண்டு தோள், இரண்டு இடுப்பு என நான்கு இடங்களில் எத்தனை ஒரே சமயத்தில் தரையில் படுகின்றன என்று ஸ்டிக்லர் எனப்படும் மூன்று நடுவர்கள் பார்ப்பார்கள். ஆக, மண் ஒட்டும் இடம்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

ஜூடோ தெரிந்தவர்கள் கூரெனுக்குப் போனால் ஒரு தனி ஆபத்து உண்டு. சட்டையைப் பிடித்து ஆடுவதால் இது நம்ம ஆட்டம்தானே என்று தோன்றும். ஆனால் ஜூடோவில் விழுந்ததும் தரையில் பிடி தொடரும், இங்கே நின்றுகொண்டு ஆடுவது மட்டுமே, தரையில் புரண்டு மடக்குவதெல்லாம் கிடையாது. அதோடு ஜூடோ முதலில் சொல்லிக்கொடுப்பதே முதுகில் அழகாக விழுவதற்கு. அந்த அழகைக் கூரெனில் காட்டினால் எதிராளிக்கு லாமைத் தட்டில் வைத்து நீட்டியது மாதிரி. இங்கே காற்றிலேயே உடம்பைத் திருப்பி, பக்கவாட்டிலோ வயிற்றுப்பக்கமோ விழக் கற்றுக்கொள்ள வேண்டும். திரும்புகிற அவசரத்தில் கையை விறைப்பாக ஊன்றிவிடாதீர்கள், மணிக்கட்டும் முழங்கையும் அப்படித்தான் போகும். ரோஷெட் என்கிற அந்தத் தடித்த வெள்ளைச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு, முழங்கால் வரைக்குமான கால்சட்டையோடு வெறுங்காலில்தான் ஆட வேண்டும். பிடி சட்டையில் இருக்க வேண்டுமே தவிர கால்சட்டையில் கை போகக்கூடாது. காலைப் பின்னிக் கவிழ்க்கும் கிளிகெட் போன்ற வேலைகளை எல்லாம் காலால்தான் செய்தாக வேண்டும்.

இனி எழுதுகிறவர்கள் பக்கம் வருவோம், ஏனென்றால் பெரிய தப்புகள் அங்கேதான் நடக்கின்றன. "நாலாயிரம் வருடத்துக் கலை" என்று ஆரம்பிக்காத கட்டுரையே அபூர்வம். அயர்லாந்தின் டெயில்ட்யு திருவிழாவை லூ என்கிற தெய்வம் தன் வளர்ப்புத் தாயின் நினைவாகத் தொடங்கினான் என்பது புராணம், அதற்கு ஆண்டு குறித்து அதையே மல்யுத்தத்தின் பிறந்தநாளாக்குவது வரலாறு ஆகாது. கார்ன்வாலும் பிரிட்டனியும் ஒரே மாதிரி சட்டையைப் பிடித்து ஆடுவதற்குக் காரணம் தேடினால், சுமார் 4 முதல் 6-ஆம் நூற்றாண்டு வரை பிரிட்டன் தீவிலிருந்து மக்கள் கடல் தாண்டிப் போய்ப் பிரிட்டனியில் குடியேறியது நினைவுக்கு வரும், அது நியாயமான ஊகம்தான். ஆனால் ஊகத்தை ஊகம் என்றே எழுத வேண்டும். 1520-இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியைக் காலை இடறிக் கீழே தள்ளினார் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் வரும். அதைச் சொல்வது ஃபிளோராஞ்ச் என்ற பிரெஞ்சுப் பிரபுவின் நினைவுக்குறிப்பு. தன் ராஜா ஜெயித்ததாக அவர் எழுதியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து பகுதிகளில் ஆடுவதும் பேக்ஹோல்டு வகைதான். பூவேலை செய்த வெல்வெட் அரைக்கால்சட்டையைப் பார்த்ததும் மயங்கி, இது சுத்தமான கெல்டிக் மரபு என்று எழுதிவிடுவார்கள். இன்னொரு கூட்டம் இது வைக்கிங்குகள் கொண்டுவந்தது என்று சத்தியம் செய்யும். இரண்டு பக்கத்துக்கும் கையில் உறுதியான சான்று இல்லை, பேசாமல் கம்பர்லாந்து மல்யுத்தம் என்றே சொல்லிவிட்டுப் போகலாம். அப்புறம் ஒரு சின்ன விஷயம், மக்களையும் மொழிகளையும் சொல்லும்போது கெல்டிக் என்றுதான் உச்சரிக்க வேண்டும், செல்டிக் என்பது கிளாஸ்கோ கால்பந்து அணி.

கார்ன்வால்காரர்கள் பூட்ஸ் காலால் முழங்காலுக்குக் கீழே இருக்கும் முன்பக்க எலும்பை உதைத்து விளையாடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பக்கத்து டெவன் பாணி. 1826-இல் டெவன்போர்ட் அருகே டெவனின் ஆபிரகாம் கேனும் கார்ன்வாலின் ஜேம்ஸ் போல்கிங்ஹார்னும் மோதியபோது கேன் காலில் பூட்ஸ், போல்கிங்ஹார்ன் காலில் வெறும் காலுறை. பதினேழாயிரம் பேர் கூடியதாகச் சொல்லப்படும் அந்த ஆட்டம் யார் ஜெயித்தது என்ற சண்டையிலேயே முடிந்தது. உதைக்கும் டெவன் பாணி பிறகு மறைந்துபோனது, உதைக்காத கார்ன்வால் பாணி நின்றுவிட்டது.

ஆனால் என்னை அதிகம் உறுத்தும் தப்பு, இது தடையே இல்லாமல் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்த சொத்து என்று நினைப்பது. முதல் உலகப் போருக்குப் பிறகு கூரென் நொடித்துப்போய்க் கிடந்தது. கெம்பெர்லே ஊர் மருத்துவர் சார்ல்ஸ் கொட்டொன்னெக் அதைத் தூக்கி நிறுத்தப் புறப்பட்டு, கார்ன்வாலின் டிரிகானிங் ஹூப்பரோடு கைகோத்து, 1928-இல் இரண்டு பக்கத்து மல்லர்களையும் மோத வைத்தார். 1930-இல் கூட்டமைப்பு ஒன்றையும் தொடங்கினார். ஆட்டத்துக்கு முன் மல்லர்கள் எடுக்கும் உறுதிமொழியையும் இந்தக் காலத்து உழைப்போடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். துரோகமும் முரட்டுத்தனமும் இல்லாமல், என் மானத்துக்காகவும் என் நாட்டின் மானத்துக்காகவும் ஆடுவேன், அதற்குச் சாட்சியாக என் கையையும் கன்னத்தையும் நீட்டுகிறேன் என்பது அதன் சாரம். இதைச் சடங்கு என்று தாண்டிப் போகாதீர்கள். போட்டிக்கான விதிகளை ஒழுங்குசெய்து, ஊர்ச் சண்டையாகச் சரியவிடாமல் பிடித்து வைத்ததில் இந்தச் சொற்களுக்கும் பங்கு உண்டு.

அயர்லாந்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஒரு கை கழுத்துப்பட்டையில், மறு கை முழங்கையில் என்று பிடிக்கும் அவர்களின் 'காலர் அண்ட் எல்போ' பாணி குடியேறிகளோடு அமெரிக்காவின் வெர்மான்ட் வரை போய்ப் புகழ்பெற்றது, சொந்த ஊரில் தேய்ந்துவிட்டது. டிவி மல்யுத்தத்தில் ஆட்டம் தொடங்கும்போது இருவரும் போடும் அந்த முதல் பிடிக்கு இன்றும் அதன் பெயர்தான்.

கடைசியாக, நேரில் பார்க்க வாய்த்தால் ஒன்றை மனதில் வையுங்கள். பிரிட்டனியில் பழைய முறைப் போட்டியில் பெரிய பரிசு செம்மறிக் கிடா. ஒருவர் பரிசைத் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றி வந்தால் அவர் ஜெயித்துவிட்டார் என்று எழுந்து கிளம்பிவிடாதீர்கள். அவர் சவால் விடுகிறார். கூட்டத்திலிருந்து இன்னொருவர் இறங்கி அவரை நிறுத்தினால் அப்போதுதான் ஆட்டமே ஆரம்பம்.