‘சார்ஜ்’ என்ற ஒரே சொல்லுக்கு இடமறிந்து பொருள் காண்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன்பு கோலாலம்பூரில் ஓர் ஆலயத்தின் கூட்டக் குறிப்பைத் தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் பொருளாளரைப் பற்றி ‘சார்ஜ்ட் வித் கலெக்டிங் டொனேஷன்ஸ்’ என்றிருந்தது. அந்த வாரம் முழுவதும் நீதிமன்றச் செய்திகளையே மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நான், ‘நன்கொடை திரட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பொருளாளர்’ என்று எழுதிவிட்டேன். அந்தத் தாள் அறிவிப்புப் பலகைக்குப் போன பிறகு, அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்து, “அண்ணா, அப்பா மேல் என்ன குற்றம்?” என்று கேட்டபோதுதான் பிழை புரிந்தது. நன்கொடை திரட்டும் பொறுப்பு பொருளாளரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதே அதன் சரியான பொருள். நேர்மையான ஒருவரை ஒரு சொல்லால் புண்படுத்தியது இன்றும் மனத்தை உறுத்துகிறது. அதன் பிறகு நான் கைக்கொண்ட முறையை, மொழிபெயர்ப்பில் புதிதாக இறங்குவோருக்காக எழுதுகிறேன்.

முதலில் அகராதியை ஒதுக்கிவைத்து, அந்தச் சொல்லின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். ரிங்கிட் தொகை இருந்தால் கட்டணம். கைப்பேசி இருந்தால் மின்னேற்றம். இதில் யாரும் தடுமாறுவதில்லை.

அடுத்து, அதை ஒட்டி வரும் சிறுசொல்லைக் கவனியுங்கள். ‘ஃபார்’ வந்தால் பெரும்பாலும் பணம். ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பு. ‘வித்’ வந்தால் மட்டும் சற்று நில்லுங்கள், ஏனெனில் நான் சறுக்கிய இடம் இதுதான். ‘வித் ஸ்டீலிங்’, ‘வித் கலெக்டிங்’ ஆகிய இரண்டும் ஒரே வடிவில் இருப்பதால் இலக்கணம் இங்கே கைகொடுக்காது. அந்தச் செயல் சட்டம் தடுத்ததா, அல்லது ஒருவரிடம் ஒப்படைத்த வேலையா என்று கேளுங்கள். முன்னது குற்றச்சாட்டு, பின்னது பொறுப்பு. வாக்கியத்திலிருந்து விடை கிடைக்காவிட்டால், அது எத்தகைய ஆவணம், யார் யாருக்கு எழுதியது என்பதைப் பார்த்தால் கிடைத்துவிடும்.

இந்தப் பொருள்கள் அனைத்துக்கும் வேர் ஒன்றே. வண்டியைக் குறிக்கும் ‘காருஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து, பாரம் ஏற்றுதல் என்ற பொருளுடைய வினை பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழிலும் குற்றத்தைச் சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம், வரியைச் சுமத்துகிறோம், மின்னை ஏற்றுகிறோம். ஆகவே, குழப்பம் வரும்போதெல்லாம் ‘யார் மீது எந்தச் சுமை?’ என்று தமிழில் கேட்டுப் பார்க்கிறேன்.

கருவிகளைப் பொறுத்தவரை, பொருள்களை வரிசையாக அடுக்கும் ஆங்கில–தமிழ் அகராதியைவிட, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் ஆங்கில–ஆங்கில அகராதியையே நான் நம்புகிறேன். நம் நாட்டு ஆவணமானால் அதன் மலாய்ப் படியையும் தேடிப் பாருங்கள். கட்டணத்துக்கு ‘சாஜ்’, நீதிமன்றக் குற்றச்சாட்டுக்கு ‘பெர்த்துடுஹான்’ என்று மலாய் தெளிவாகப் பிரித்துக் காட்டிவிடும்.

பிற்சேர்க்கை: ‘டிஸ்சார்ஜ்’ பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது சுமையை இறக்குவது. மருத்துவமனையில் அதை ‘வீடு திரும்ப அனுமதி’ என்று எழுதலாம். நீதிமன்றத்தில் உடனே ‘விடுதலை’ என்று எழுதிவிடாதீர்கள். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254ஆம் பிரிவின்படி, அரசுத் தரப்பு வழக்கை மேற்கொண்டு நடத்தாதபோது ஒருவர் விடுவிக்கப்பட்டாலும், நீதிமன்றம் அவ்வாறு ஆணையிட்டாலன்றி அது நிரபராதி என்ற தீர்ப்பாகாது; அதே குற்றத்துக்காக அவர் மீது மீண்டும் வழக்குத் தொடுக்கலாம். மலாயில் இதனை ‘டிலெப்பாஸ்கான் தன்பா டிபெபாஸ்கான்’ என்பார்கள். நான் ‘நிரபராதி என்ற தீர்ப்பின்றி வழக்கிலிருந்து விடுவிப்பு’ என்று எழுதுகிறேன்; தலைப்பில் இடம் போதாவிட்டாலும் அதைச் சுருக்குவதில்லை.