பாவித்த அலோய் வீல் வாங்கும்போது சென்சாரில் விடும் தவறுகள்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த வீல் செட் வாங்குகிறவர்கள் ரிம் அளவு, நட் துளை இடைவெளி, ஆஃப்செட் எல்லாவற்றையும் இப்போது சரியாகவே பார்க்கிறார்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். காற்றுக் குறைந்தால் டாஷ்போர்டில் லைட் எரியவைக்க டயருக்குள் இருக்கும் காற்றழுத்த சென்சாரைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

“உள்ளே சென்சார் இருக்கு” என்றதும் வாங்குவது

கடைக்காரர் சொல்வது உண்மைதான், உள்ளே இருக்கும். அது உங்கள் காருக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம். ஜப்பான், அமெரிக்கச் சந்தைக் கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸ் ரேடியோ அலையில் தகவல் அனுப்பும் சென்சார். ஐரோப்பியக் கார்களில் 433.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி வந்தார். கார் இங்கிலாந்திலிருந்து இறக்கியது. வாங்கியது ஜப்பானில் குளிர்காலத்துக்குப் போட்டிருந்த வீல் செட். டயர் மாட்டி, பேலன்ஸ் செய்து, காசும் கொடுத்தாயிற்று. “அண்ணே, காத்து சரியாத்தான் இருக்கு, லைட் மட்டும் விட்டு விட்டு எரியுது” என்றார். பல கார்களில் ஸ்டார்ட் செய்ததும் லைட் ஒரு நிமிடம் போல மின்னிவிட்டு அப்படியே நின்று எரிந்தால், கோளாறு சென்சார் அமைப்பில். மின்னாமல் எரிந்தால்தான் காற்றுக் குறைவு.

அவருடைய சென்சார்கள் 315, கார் 433. ஸ்கேனரில் என்ன செய்தாலும் இது சரிவராது. நான்கு டயரையும் மறுபடி கழற்றி, வேறு சென்சார் வாங்கிப் போட்டு, திரும்பவும் பேலன்ஸ். கூலி இரண்டு தடவை.

இதில் எனக்கு இன்னும் ஆத்திரம் தீராததற்குக் காரணம், வாங்கும் இடத்திலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான். சென்சார் படிக்கும் கருவியை வால்வுக்குப் பக்கத்தில் பிடித்தால் போதும். அதிர்வெண், அடையாள எண், பல சென்சார்களில் பேட்டரி நிலைகூடத் தெரியும். டயரைக் கழற்றவே வேண்டாம். கருவி உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரர் மறுத்தால் அந்த செட்டை விட்டுவிடுங்கள்.

அதிர்வெண் ஒத்துப்போவது மட்டும் போதாது. தகவலை அனுப்பும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பார்ட் நம்பரையும் ஒப்பிட வேண்டும். அப்புறம் புதிய அடையாள எண்களைக் காரில் பதிய வேண்டும். சில கார்கள் ஓடும்போது தாமே பிடித்துக்கொள்ளும், பல டொயோட்டாக்களுக்கு ஸ்கேனர் வேண்டும்.

பழைய பேட்டரியை நம்புவது

சென்சாருக்குள் இருக்கும் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 வருடம்தான் ஓடும். மூடி ஒட்டியிருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது.

டயர் கடையில் சொல்லாமல் விடுவது

சென்சார் பெரும்பாலும் வால்வுக்கு அடியில் இருக்கிறது. மெஷின் அந்த இடத்தில் அழுத்தினால் உடையும்.

வால்வுக்குள் பித்தளைப் பின் போடுவது

அலுமினிய வால்வுக்குள் காற்றை அடைத்து வைக்கும் சிறிய பின், நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் பித்தளையும் அலுமினியமும் சேரும் இடம் அரித்து, பின் இறுகிவிடும். அப்புறம் கழற்றப்போனால் வால்வே முறியும்.

லைட்டை மறைத்து ஓட்டுவது

வேண்டாம்.

குளிர்கால டயரையும் அப்படியே ஓட்டுவது

ஸ்டட்லெஸ் டயரின் ரப்பர் குளிருக்காக மென்மையாகச் செய்தது. கொழும்பின் சூடான தாரில் வேகமாகத் தேயும், பிரேக் பிடிப்பும் குறையும். ரிம்மை வைத்துக்கொண்டு டயரை மாற்றுங்கள்.

தேவையில்லாத சென்சாருக்குக் காசு கொடுப்பது

சில கார்கள் பிரேக்குக்காக உள்ள ஏபிஎஸ் சென்சாரை வைத்து, சக்கரம் சுழலும் வேகத்திலிருந்தே காற்றுக் குறைவைக் கண்டுபிடிக்கும். உங்கள் கார் அந்த வகையா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் சென்சார் இல்லாத செட்டே போதும். வீலை மாட்டிக் காற்றைச் சரியாக அடித்த பிறகு, காரிலேயே ரீசெட் செய்துவிடுங்கள்.