வீட்டிலேயே கிளீனர் தயாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒரே பாட்டிலில் கலந்து, எல்லாவற்றையும் துடைக்கலாம் என்று எடுத்து வைப்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பரவலான தவறு. கலந்தவுடன் புஸ்ஸென்று நுரை பொங்கும். பார்க்கிறவர்களுக்கு அழுக்கையே அது பிய்த்து எடுப்பதுபோல் தோன்றும். ஆனால் வினிகர் ஓர் அமிலம். சாதாரண வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். சமையல் சோடாவோ லேசான காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று முறித்துவிடும். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு வாயு. அது அடங்கிய பிறகு மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர்தான். அதை வைத்துத் துடைப்பதும் வெறும் ஈரத்துணியால் துடைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றே. நுரை அடங்கும் முன் மூடியை இறுக்கிவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கவும் கூடும்.

இரண்டும் நல்ல பொருட்கள்தான், தனித்தனியாகப் பயன்படுத்தும் வரை. முதலில் பார்க்க வேண்டியது அழுக்கு எந்த வகை என்பதை. குழாயிலும் ஷவரிலும் படியும் வெள்ளை உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க அமிலம் வேண்டும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதும். அடுப்பு மேடையில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்குக்கு அமிலம் பெரிதாக உதவாது. அங்கே காரமும் சோப்பும்தான் வேலை செய்யும். சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவினால் போதும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், இணையத்தில் சுற்றும் செய்முறைகளில் எது உதவும், எது உதவாது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

இதே காரணத்தால்தான் சோப்புக் கரைசலில் வினிகர் ஊற்றுவதும் வீண். தாவர எண்ணெயில் செய்த அசல் சோப்பை அமிலம் உடைத்து, கொழுப்பு அமிலங்களாகப் பிரித்துவிடும். பால் திரிந்ததுபோல் வெள்ளைத் திப்பிகள் மிதக்கும். அதைத் தரையில் தேய்த்தால் பிசுபிசுப்புதான் மிச்சம். பாத்திரம் தேய்க்கும் திரவங்களில் பெரும்பாலானவை சோப்பு அல்ல, டிடர்ஜென்ட். அவை வினிகரில் திரியாது.

இதுவரை சொன்னதில் நஷ்டம் பொருளும் நேரமும்தான். பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைந்த திரவத்தின் விஷயம் அப்படியல்ல. அதில் தவறினால் மூச்சுக்கே ஆபத்து.

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: கழிப்பறையில் ஒரு கிளீனரை ஊற்றித் தேய்க்கிறோம், கறை போகவில்லை, அதன் மேலேயே இன்னொன்றை ஊற்றுகிறோம். முதலில் ஊற்றியது அமிலம், அடுத்தது பிளீச் என்றால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். குளியலறையில் உண்டாகும் அளவு அதைவிட மிகக் குறைவு. ஆனால் இடமும் சின்னது, கதவும் மூடியிருக்கும், குனிந்து தேய்க்கும்போது முகமும் பக்கத்திலேயே இருக்கும். வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் அமிலம் என்று எந்த அமிலத்தோடும் பிளீச் இப்படித்தான் வினைபுரியும். 'இயற்கையானது' என்பதால் எலுமிச்சைக்கு விலக்கு கிடையாது.

அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் வாயுக்கள் வரும். கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் அம்மோனியா உண்டு. நாள்பட்ட சிறுநீரிலும் அது உருவாகும். செல்லப்பிராணிகள் அசுத்தம் செய்த இடத்தில் நேரடியாகப் பிளீச் ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். ஆல்கஹாலும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உண்டாகலாம். பிளீச் இல்லாத ஒரு கலவையிலும் எச்சரிக்கை தேவை: வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒரே பாட்டிலில் ஊற்றினால் பெரஅசிட்டிக் அமிலம் உருவாகி, தோல், கண், மூச்சுக்குழாய் மூன்றையும் எரிக்கும். பிளீச்சைத் தண்ணீர் தவிர வேறு எதோடும் சேர்க்காதீர்கள். தவறிப்போய்க் கலந்துவிட்டால், அங்கே நின்று கழுவிவிட முயலாமல் உடனே வெளியேறி நல்ல காற்றுக்குப் போங்கள். வெளியே வந்தபிறகும் இருமலோ மூச்சுத்திணறலோ குறையவில்லை என்றால் மருத்துவரிடம் போகத் தாமதிக்க வேண்டாம்.

சரி, கிருமிக்கு வருவோம். சுத்தம் செய்வது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. வினிகர் சில பாக்டீரியாக்களைக் குறைக்கும், ஆனால் அதைக் கிருமிநாசினியாக நம்ப முடியாது. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ தொற்றோ இருக்கும்போது வினிகர் ஸ்ப்ரேயோடு நிறுத்திக்கொள்வது சரியல்ல. 5 சதவீத பிளீச்சில் 20 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்தால் சுமார் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். வீட்டுப் பரப்புகளுக்கு அது போதும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைப் போக்கி, நன்றாக அலசிவிட வேண்டும், ஏனென்றால் அழுக்கே பிளீச்சின் வீரியத்தைத் தின்றுவிடும். தெளித்த உடனே துடைக்காமல் ஒரு நிமிடமாவது ஈரமாக விடுங்கள். வெந்நீரில் பிளீச் சிதைந்துவிடும், எனவே சாதாரணத் தண்ணீரே சரி. கலந்ததை அன்றைக்கே பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஆல்கஹால் பயன்படுத்துவதானால் 70 சதவீதம் போதும். அதைவிட அடர்த்தியானது சீக்கிரம் ஆவியாகிவிடும். ஆனால் எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் அதைத் தெளிப்பது தீ விபத்துக்கு வழி.

அமிலம் எங்கே படக் கூடாது என்பதும் முக்கியம். மார்பிளும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. குழாயில் உள்ள உப்புக்கறையைக் கரைக்கும் அதே வினிகர் இந்தக் கல்லையும் கரைக்கும். பளபளப்புப் போய் மங்கலான தடம் விழும். அது கறையல்ல, அரிப்பு. எவ்வளவு துடைத்தாலும் போகாது, பாலிஷ் போட்டால்தான் உண்டு. முத்து நகையும் கால்சியம் கார்பனேட்தான் என்பதை நினைவில் வையுங்கள். காரத்துக்கும் எதிரிகள் உண்டு: அலுமினியப் பாத்திரத்தைச் சோடாவில் ஊறவைத்தால் கறுக்கும். டிவி, லேப்டாப் திரைகளில் வினிகரோ ஆல்கஹாலோ பட்டால் மேல்பூச்சு கெடலாம். எந்தப் பரப்பானாலும் கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் தடவிப் பாருங்கள்.

சமையல் சோடாவும் சலவை சோடாவும் ஒன்றல்ல. சலவை சோடா மிகக் கடுமையான காரம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. வாசனைக்காகச் சேர்க்கும் டீ ட்ரீ எண்ணெய் பூனைகளுக்கு நச்சு.

எடுத்து வைப்பதில் எனக்குப் பெரிய கவலை தண்ணீர் பாட்டில்கள்தான். குடிக்கும் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ கிளீனரை ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். குழந்தைக்குப் பாட்டிலைத்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. தனிப் பாட்டிலில் ஊற்றி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எலுமிச்சைச் சாறு கலந்தவை சில நாட்களில் கெட்டுவிடும், அதனால் கொஞ்சமாகவே செய்யுங்கள். பழத்தோலையும் சர்க்கரையையும் ஊறவைத்து நொதிக்க விடுகிறவர்கள் கண்ணாடி ஜாடியைத் தவிர்த்து, அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் மேலே இடம் விட்டு வையுங்கள். முதல் சில வாரங்களுக்கு மூடியைத் தினமும் லேசாகத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும்.

கடைசியாக, சோப்பைத் துருவி சோடா சேர்த்துச் செய்யும் சலவைத்தூள். உப்புத்தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக மாறும். அது துணியின் இழைகளில் தங்கி, வெள்ளைத் துணி மெல்லச் சாம்பல் நிறமாகும், துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் போகும், வாஷிங் மெஷினுக்குள்ளும் படியும். மற்றதையெல்லாம் வீட்டில் செய்துகொள்ளலாம். துணிக்கு மட்டும் டிடர்ஜென்டை வாங்கிவிடுவதே சிக்கனம் என்பது என் கருத்து.