ஆடிக் காற்றில் தாள் பட்டம்: செய்யும் முறையும் ஏற்றும் முறையும்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றும், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்றும் பெரும்பொழுதைப் பகுத்த மரபின்படி பார்த்தால், தமிழ்நாட்டில் கோடையின் கடைசிப் பகுதி பள்ளிகள் திறந்த பிறகுதான் வருகிறது. வெயில் முற்றிலும் தணியாமலும் தென்மேற்குக் காற்று ஓயாமலும் இருக்கும் இந்த இரண்டு மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு, செலவில்லாத பொழுதுபோக்காகப் பட்டத்தைவிடப் பொருத்தமான ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பட்டம் ஏறாவிட்டால் காற்றைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் ஆடி மாதத்தில் காற்று குறைவதில்லை; குறை பெரும்பாலும் பட்டத்தின் முன்புறம் கட்டப்படும் சூத்திரம் என்னும் சிறு நூலில்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் குச்சிக்கும் தாளுக்கும் கொடுக்கும் இடத்தைவிடச் சூத்திரத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கடைகளில் கிடைக்கும் சிறிய சதுரப் பட்டம் புதியவர்களுக்கு ஏற்றதன்று. வாலில்லாத அந்தப் பட்டம் நூலைச் சுண்டினால் உடனே திரும்பவும், பாயவும், மற்றொரு பட்டத்தின் நூலை அறுக்கவும் உருவானது. அதனால் ஓரிடத்தில் அமைதியாக நிற்கும் தன்மை அதற்கு இயல்பிலேயே குறைவு. குழந்தையின் கையில் நூலைக் கொடுத்துவிட்டு அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமானால், வால் கட்டிய வைர வடிவப் பட்டத்தை நாமே செய்வது நல்லது. ஒரு மாலை நேரத்தில் இரண்டு பட்டங்களைச் செய்துவிடலாம். ஒன்று கிழிந்தால் மற்றொன்று கைவசம் இருக்கும் என்பதால் இரண்டாகச் செய்வதே புத்திசாலித்தனம்.

இதற்கு இரண்டு மூங்கில் குச்சிகள் வேண்டும். நெடுக்குக் குச்சி 60 சென்டிமீட்டரும் குறுக்குக் குச்சி 50 சென்டிமீட்டரும் இருக்கட்டும். நெடுக்குக் குச்சி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனோடு விறைப்பாகவும், குறுக்குக் குச்சி அதைவிட மெலிதாக, வளைத்தால் ஒடியாமல் வளைவதாகவும் இருக்க வேண்டும். பழைய மூங்கில் தட்டியிலிருந்து எடுத்த குச்சிகள் நன்கு காய்ந்திருப்பதால் அவை மிகவும் பயன்படும். முதலில் குறுக்குக் குச்சியின் சரியான நடுவில் ஒரு குறியிட்டு, அந்த இடத்தைக் கத்தியின் முனைமீது வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் மெதுவாகச் சீவி, இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் வரை சரிசெய்யுங்கள். இந்த வேலைக்குச் சில நிமிடங்கள் ஆகும். அதைத் தவிர்த்தால் வானத்தில் பட்டம் எப்போதும் ஒரு பக்கமாகவே சாயும். சிறுவர்களுக்கான ஓர் அடிப் பட்டத்துக்குத் தென்னை ஈர்க்கே போதும்.

நெடுக்குக் குச்சியின் மேல்முனையிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே குறுக்குக் குச்சியை வைத்து, நூலால் குறுக்கும் மறுக்குமாக இறுகச் சுற்றிக் கட்டுங்கள். நான்கு முனைகளிலும் சிறு வெட்டுக் கொடுத்து, சுற்றிலும் ஒரு நூலை இழுத்துக் கட்டினால் சட்டம் தயாராகிவிடும். தாள் மெல்லியதாக இருப்பது நல்லது. கைவினைப் பொருள்களுக்கு விற்கப்படும் வண்ண மென்தாள் சிறந்தது. செய்தித்தாள் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் எடை கொண்டது என்றாலும் ஆடிக் காற்று அதையும் எளிதாகத் தூக்கிவிடும். விரித்த செய்தித்தாளில் சட்டத்தை வைத்து, சுற்றிலும் 2 சென்டிமீட்டர் விளிம்பு விட்டு வெட்டி, அந்த விளிம்பை நூலின்மீது மடித்து மைதாப் பசையால் ஒட்டுங்கள். பசையை அள்ளிப் பூச வேண்டாம். காய்ந்த பிறகும் அதன் எடை பட்டத்தில்தான் இருக்கும். ஒட்டிய பிறகு, குறுக்குக் குச்சியின் இரு முனைகளையும் பட்டத்தின் முதுகுப் பக்கமாக ஒரு நூலால் இழுத்து, நடுப்பகுதியில் வளைவுக்கும் நூலுக்கும் இடையே நான்கைந்து விரற்கடை இடைவெளி இருக்கும்படி வில்போல் கட்டுங்கள். இந்த வளைவினால், ஒரு பக்கம் தாழ்ந்தாலும் அந்தப் பக்கத்தில் காற்றின் அழுத்தம் கூடி, பட்டம் தானாக நிமிர்ந்துகொள்ளும்.

இனிச் சூத்திரம். யாழ்ப்பாணத்தில் இதை முச்சை என்பார்கள். பட்டத்தின் வளைந்து புடைத்த முகத்தில் இரண்டு இடங்களில் கட்டப்பட்டு, நடுவில் கையிலிருக்கும் நூலோடு இணையும் இந்தச் சிறு நூல்தான் பட்டம் காற்றை எந்தக் கோணத்தில் எதிர்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. 90 சென்டிமீட்டர் நூல் ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையைக் குச்சிகள் கூடும் இடத்தில் தாளைத் துளைத்துக் கட்டுங்கள். மறுமுனையை நெடுக்குக் குச்சியின் கீழ்முனையில் கட்டுங்கள். பிறகு இந்த நூலைப் பக்கவாட்டில் இழுத்து, குறுக்குக் குச்சியின் ஒரு முனையைத் தொடும்படி பிடியுங்கள். மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் தொய்வின்றி அந்த முனையில் சந்திக்கும் அளவுக்கு நீளத்தைச் சரிசெய்து, சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு வளையம் போடுங்கள். கையிலிருக்கும் நூலை இந்த வளையத்தில்தான் முடிய வேண்டும். வளையத்தைப் பிடித்துப் பட்டத்தைத் தரையை நோக்கித் தொங்கவிட்டால், தலைப்பகுதி சற்று உயர்ந்தும் வால்பகுதி தாழ்ந்தும் நிற்க வேண்டும்.

வளையத்தை இறுகிய முடிச்சாகப் போடாமல், நகர்த்தக்கூடிய முடிச்சாகப் போடுவதே அனுபவமுள்ளவர்களின் வழக்கம். ஏனென்றால் அதன் சரியான இடம் அன்றைய காற்றைப் பொறுத்தது. வளையம் தேவைக்கு மேல் தலைப்பக்கமாக இருந்தால், பட்டம் காற்றைக் கிழித்துக்கொண்டு படபடக்குமே தவிர இழுக்காது. தேவைக்கு மேல் வால்பக்கமாக இருந்தால், காற்றை நெஞ்சோடு தாங்கி நூலைப் பலமாக இழுத்தும் மேலே ஏறாமல், இடமும் வலமுமாகச் சுழன்று தரையில் மோதும். காற்று பலமாக இருக்கும் நாளில் வளையத்தைத் தலைப்பக்கமாகவும், மந்தமாக இருக்கும் நாளில் வால்பக்கமாகவும் நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் அரைச் சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டாம். இந்தச் சிறு நகர்வு வானத்தில் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதைக் காண்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் தனிச் சுவை என்பேன்.

வாலுக்குப் பழைய வேட்டியையோ புடவையையோ இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, பட்டத்தின் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 3 மீட்டர், கட்டுங்கள். வால் சுழற்சியை அடக்குவது அதன் எடையால் மட்டுமன்று. காற்றில் அது பின்னோக்கி இழுபடுவதாலும்தான். ஆகவே கனமான குட்டை வாலைவிட மெல்லிய நீண்ட வாலே நல்லது. பட்டம் சுழன்றால் வாலை நீட்டுங்கள், ஏறச் சோம்பினால் குறையுங்கள். நீட்டிய பிறகும் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், குறை வாலில் இல்லை. எடை சமமாக இல்லை அல்லது வில் ஒரு பக்கம் அதிகமாக வளைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

நூல் சாதாரணப் பருத்தி நூலாக இருக்கட்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்றில் இந்த அளவுப் பட்டம் ஏறத்தாழக் கால் கிலோ எடைக்கு ஈடான விசையோடுதான் இழுக்கும். தடித்த தையல் நூல் அதைத் தாராளமாகத் தாங்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும் என்பதால், புயல்போல் வீசும் நாளில் பட்டத்தை எடுக்காமல் இருப்பதே சரி. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூலைத் தொடவே கூடாது. இரு சக்கர வாகனத்தில் செல்வோரின் கழுத்தை அறுத்து உயிரைப் பறித்திருப்பதால், சென்னையில் அதைச் செய்வதும் விற்பதும் பயன்படுத்துவதும் காவல்துறையின் தடைக்கு உட்பட்டவை. நைலான் போன்ற செயற்கை இழை மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை விதித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் உத்தரவிட்டது. டீல் போடும், அதாவது பிறர் பட்டத்தின் நூலை அறுக்கும், ஆசை உள்ளவர்களுக்கு என் வாதம் பிடிக்காமல் போகலாம். ஆனால் அறுப்பதற்கென்று செய்த நூல் அறுந்து விழுந்த பிறகும் அறுத்துக்கொண்டேதான் இருக்கும்.

இடத்தைத் தேர்வதில் காற்றின் போக்கை அறிந்திருப்பது முக்கியம். மரமோ கட்டடமோ காற்றைத் தடுத்தால், அதன் பின்புறம் நெடுந்தொலைவுக்குக் காற்று சுழன்று குழம்பும். ஆகவே தடையின் உயரத்தைப்போல் ஏழெட்டு மடங்கு தொலைவாவது விலகி நில்லுங்கள். மொட்டை மாடியை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்வாங்குபவருக்குக் கைப்பிடிச் சுவர் எங்கே இருக்கிறது என்பது நினைவில் இருக்காது. உள் மாவட்டங்களில் பெரும்பாலான ஏரிகளும் கண்மாய்களும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை என்பதால், ஆடியில் அவற்றின் உட்பரப்பு பல இடங்களில் காய்ந்து பரந்த மைதானமாகக் கிடக்கும்; நீர் அறவே வற்றியதை உறுதிசெய்துகொண்டு அங்கே விடலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புகும் கோவை, பல்லடம், உடுமலைப் பகுதிகளிலும், ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் பக்கத்திலும் பிற்பகல் காற்று தாள் பட்டத்துக்கு மிகையானது. காற்றாலைகள் அங்கே வரிசைகட்டி நிற்பதே அதற்குச் சான்று. அந்த ஊர்க்காரர்கள் காலை வேளையைத் தேர்ந்தெடுக்கலாம்.

சென்னைக் கடற்கரையில் நிலைமை வேறு. முற்பகலில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசும். பிற்பகலில் கடற்காற்று அதை எதிர்த்து உள்ளே வரும். ஆடியில் மேற்குக் காற்று வலுவாக இருப்பதால் கடற்காற்று தாமதமாகவே வரும். இரண்டும் மாறும் இடைவேளையில் காற்று திடீரென்று அடங்கி, பட்டம் விழக்கூடும். கடற்காற்று வீசும்போது பட்டம் சாலையை நோக்கிச் செல்லும் என்பதால், மெரினாவின் அகன்ற மணற்பரப்பில் அலைக்கு அருகில் நின்று, சாலைக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள தொலைவைவிட மிகக் குறைவாகவே நூல் விடுங்கள். விமான நிலையத்தின் அருகிலும் மின்கம்பிகள் செல்லும் இடத்திலும் பட்டம் வேண்டாம். 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டம் பட்டத்தையும் விமானம் என்ற வரையறைக்குள்தான் வைத்திருந்தது! கம்பியில் சிக்கிய பட்டத்தை அப்படியே விட்டுவிடுங்கள். இடி கேட்டால், தொலைவில் கேட்டாலும், உடனே இறக்கிவிடுங்கள்.

இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் அசைந்து, கொடி விரிந்து பறந்தால், காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கிறது என்று பொருள். இதுவே மிகச் சிறந்த அளவு. புழுதியும் காகிதத் துண்டுகளும் எழத் தொடங்கினால் வளையத்தைத் தலைப்பக்கமாக நகர்த்தி, வாலை நீட்டிக்கொள்ளுங்கள்.

பட்டத்தை ஏற்ற ஓட வேண்டியதில்லை. திரைப்படங்களில் குழந்தைகள் பட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஓடும்போது கண் தரையிலும் பட்டம் முதுகுக்குப் பின்னாலும் இருப்பதால் எதையும் கட்டுப்படுத்த முடியாது. காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். துணைக்கு வந்தவர் பட்டத்தை எடுத்துக்கொண்டு காற்று போகும் திசையில் 20 அல்லது 30 மீட்டர் தள்ளிச் சென்று, முகம் உங்களைப் பார்க்கும்படி தலைக்குமேல் பிடிக்கட்டும். அவர் வீசி எறியக் கூடாது, விட்டால் போதும். நூல் இறுகியிருக்கும்போது அவர் விட்டதும், நீங்கள் கைகளால் சீராக இழுங்கள். பட்டம் எழும்பி இழுவை கூடியதும் சிறிது நூலை விடுங்கள். தொய்ந்தால் மறுபடியும் இழுங்கள். இப்படி மாறி மாறிச் செய்தால், தரையருகேயுள்ள குழப்பமான காற்றைத் தாண்டியதும் பட்டம் தானே நிலைகொள்ளும். தரையை நோக்கிப் பாயும்போது பயந்து இழுப்பது பாய்ச்சலை விரைவாக்கும். நூலைத் தளர்த்தினால் வால் அதை மறுபடியும் நேராக்கும்.

யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறையில் பட்டக் காலம் வேறு. அங்கே வடகிழக்குக் காற்று வீசும் தைப்பொங்கலையொட்டிக் கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கிறது. விண் என்னும், காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நாடா பூட்டிய பட்டங்கள் மேலே நின்று ரீங்காரமிடும். மாமல்லபுரத்தில் 2022 ஆகஸ்டில் தொடங்கிய சர்வதேசப் பட்டத் திருவிழாவில் பறப்பவையோ காற்றை உள்வாங்கிப் புடைக்கும் பெரிய துணிப் பட்டங்கள். வீட்டில் செய்வதற்கு அவை மாதிரியாகா, பார்த்து மகிழலாம்.

இறக்கும்போது நூலை வேகமாகச் சுற்றினால் இழுவை கூடிப் பட்டம் கிழியக்கூடும். துணைக்கு ஒருவர் இருந்தால், அவர் நூலைக் கையுறை அணிந்த கையால் தாழ அழுத்தியபடி பட்டத்தை நோக்கி நடக்கட்டும். பட்டம் அமைதியாகக் கைக்கு வந்துவிடும். அதன் பிறகு மணலில் கிடக்கும் நூலை உருளையில் சுற்றுங்கள். அறுந்த துண்டுகளையும் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். பறவையின் காலில் சிக்குவதற்கு மாஞ்சா வேண்டுமென்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் குறுக்குக் குச்சியின் வில் நூலை அவிழ்த்துவிட்டு, பட்டத்தைச் சுவரில் தட்டையாக மாட்டி வைத்தால், குச்சி நிரந்தரமாக வளைந்துவிடாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராக இருக்கும்.