தடைக்கால நிவாரணம் எந்தக் கணக்கில் விழுந்தது?

மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கரையில்தான். காசிமேட்டில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நிவாரணம் வந்தது, அப்பாவுக்கு வரவில்லை. சங்கப் பட்டியலில் பெயர் இருந்தது. வங்கியில் "ஆதார் இணைச்சாச்சு" என்றார்கள். சரி என்று நிவாரணப் படிவத்தை மறுபடியும் கொடுத்தேன். ஒரு வாரம் வீண்.

அப்புறம் ஆதார் இணையதளத்தில் அப்பாவின் ஓடிபியைப் போட்டு வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தேன். வேறொரு வங்கியின் பெயர் இருந்தது! கேஒய்சிக்கு, அதாவது வங்கியின் அடையாளச் சரிபார்ப்புக்கு, ஆதார் கொடுப்பது வேறு, மானியத்துக்கு இணைப்பது வேறு. ஆதார் வழியாக வரும் பணம், மானியத்துக்குக் கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். அந்த வேறு வங்கிக் கணக்கு எப்போதோ கேஸ் மானியத்துக்காகத் திறந்தது. உப்புக்காற்றில் தாள்கள் ஒட்டிப்போன அந்தப் பாஸ்புக்கைத் தேடியெடுத்து என்ட்ரி போட்டேன். பணம் முழுசாக இருந்தது. இப்போதுதான் நிம்மதி.