சோதனை குறைந்த அம்சங்களுக்கு ரெக்ரஷன் டெஸ்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் கமிட், புஷ் போன்ற அன்றாடக் கட்டளைகளுக்குச் சோதனைப் பஞ்சம் கிடையாது. ஓட்டை இருப்பது மூலைகளில்தான்: ஷாலோ குளோனுக்குள் (அண்மை வரலாறு மட்டும் உள்ள நகல்) சப்மாட்யூல் (ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போ), கூடுதல் வொர்க்ட்ரீயில் (அதே ரெப்போவின் இன்னொரு வேலை அடைவு) பாதியில் நிற்கும் ரீபேஸ் (கமிட்டுகளை வேறோர் அடித்தளத்தின் மேல் மறுபடி வைப்பது), ஒரு கமிட்கூட இல்லாத ரெப்போவில் ஸ்டாஷ் (முடியாத மாற்றங்களை ஒதுக்கிவைப்பது). தனித்தனியே சோதித்த இரண்டு அம்சங்கள் சேருமிடத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே எழுதும் ரெக்ரஷன் டெஸ்ட், அதாவது திருத்திய பக் திரும்பி வந்தால் காட்டிக்கொடுக்க வேண்டிய சோதனை, பச்சை காட்டுவது (தேறுவது) பெரிய விஷயமில்லை. பக் திரும்பி வரும் நாளில் சிவப்பாகுமா (விழுமா) என்பதுதான் கேள்வி. கீழே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் கிட் (Git) என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் சோதனைத் தொகுப்பிலிருந்து வருபவை.

சிவப்பைப் பார்க்காமலே கமிட் செய்வது

இதுதான் முதல் தவறு, மிகப் பரவலானதும் இதுதான். பக்கைத் திருத்தி, டெஸ்ட் எழுதி, ஓட்டி, பச்சை வந்ததும் முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு இன்னும் ஒரு வேலை பாக்கி: திருத்தம் இருக்கும் மூலக் கோப்பை மட்டும் முந்தைய கமிட்டிலிருந்து எடுத்துவைத்து, மறுபடி பில்ட் செய்து, அதே டெஸ்ட்டை ஓட்டுங்கள். அது விழ வேண்டும். எந்த வரியில் விழுகிறது என்பதையும் பாருங்கள். பக் வெளிப்படும் ஒப்பீட்டில் விழுந்தால் சரி. 'கோப்பு இல்லை' என்று, சோதனைக்கான சூழலை அமைக்கும் தயாரிப்புக் கட்டத்திலேயே விழுந்தால், அது வேறு எதையோ சோதிக்கிறது.

இன்னும் திருத்தப்படாத பக்குக்கு, இந்த டெஸ்ட் விழும் என்று முன்கூட்டியே அறிவிக்க, கிட்டில் 'டெஸ்ட்_எக்ஸ்பெக்ட்_ஃபெய்லியர்' உண்டு. இங்கே கூடுதல் கவனம் வேண்டும். எந்தக் காரணத்தால் விழுந்தாலும் அது 'தெரிந்த பழுது' என்றே கணக்கு வைக்கும். தயாரிப்பு வரியில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் அந்த டெஸ்ட் வருடக்கணக்கில் நிம்மதியாகப் படுத்திருக்கும். தயாரிப்பை, தேறியே ஆக வேண்டிய டெஸ்ட்_எக்ஸ்பெக்ட்_சக்ஸஸ் என்று தனியாகப் பிரித்து, விழ வேண்டிய கட்டளையை மட்டும் இதற்குள் வையுங்கள்.

எக்ஸிட் கோடைத் தொலைப்பது

எக்ஸிட் கோட் என்பது ஒரு கட்டளை முடியும்போது வெற்றியா தோல்வியா என்று திருப்பும் எண். ஷெல்லில் எழுதும் டெஸ்ட்டுகளில் இதைத் தொலைப்பது கண்ணுக்கே தெரியாது. ஒரு கட்டளை தோற்க வேண்டும் என்று சொல்ல அதன் முன்னால் ஆச்சரியக்குறி போடுவது வழக்கம். கிட் முறையாகப் பிழை சொல்லி நின்றால் பொதுவாக 128 திரும்பும். செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தவறான நினைவகத்தைத் தொட்டு நொறுங்குவது) செத்தால் ஷெல் 139 என்று பார்க்கும், அதாவது 128 உடன் சிக்னல் எண் 11. ஆச்சரியக்குறிக்கு இரண்டும் ஒன்றே, இரண்டையும் வெற்றியாக்கிவிடும். கிட் கட்டளைக்கு 'டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில்' பயன்படுத்துங்கள், அது சிக்னலில் சாவதைத் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளும். வரிகளில் தேடும் கிரெப் போன்ற வெளிக் கட்டளைகளுக்கு ஆச்சரியக்குறியே போதும். அவை நாம் சோதிக்கும் பொருள் அல்ல.

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பைப்பும் இதே கதைதான். கிட் லாக் வெளியீட்டை நேராகக் கிரெப்புக்கு அனுப்பினால் கிரெப்பின் எக்ஸிட் கோட் மட்டுமே மிஞ்சும். வரியை அச்சிட்ட பிறகு கிட் நொறுங்கினாலும் டெஸ்ட் தேறும். வெளியீட்டை முதலில் ஒரு கோப்பில் எழுதி, பிறகு அதில் தேடுங்கள். இதைவிட மோசம், கமிட்டின் அடையாளத்தைச் சொல்லும் ரெவ்-பார்ஸ் கட்டளையின் இரண்டு அழைப்புகளை மேற்கோளுக்குள் வைத்து 'இரண்டும் சமமா' என்று ஒப்பிடுவது. இரு பக்கமும் நொறுங்கி எதுவும் அச்சிடாவிட்டால், வெற்றுச் சரம் வெற்றுச் சரத்துக்குச் சமம், டெஸ்ட் பச்சை! இதற்கென்றே 'டெஸ்ட்_சிஎம்பி_ரெவ்' இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் இரட்டை ஆம்பர்சண்டால் (&&) அடுத்த வரியோடு கோக்கவும் வேண்டும். ஓர் இடத்தில் விட்டால், அதற்கு முந்தைய வரிகளின் தோல்வி காணாமல் போகும்.

அம்சத்தைத் தொடாமலே சோதிப்பது

சோதனை குறைந்த அம்சங்களில் இதற்குத்தான் அதிகம் பலியாகிறோம். ஷாலோ குளோனில் ஒரு பக் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட்டில் பக்கத்து அடைவின் பாதையைக் கொடுத்து 'டெப்த் 1' என்று குளோன் செய்கிறீர்கள். உள்ளூர்ப் பாதை என்றால் கிட் டெப்த்தைக் கண்டுகொள்ளாது. ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லிவிட்டு முழு வரலாற்றையும் நகலெடுத்துவிடும். ஷாலோவே இல்லாத ரெப்போவில் உங்கள் டெஸ்ட் ஓடி முடியும். பாதையை 'ஃபைல்' யூஆர்எல்லாகக் கொடுங்கள். குளோன் செய்தவுடனே ரெவ்-பார்ஸில் 'இஸ்-ஷாலோ-ரெப்போசிட்டரி' என்று கேட்டு 'ட்ரூ' வருகிறதா என்றும் உறுதிப்படுத்துங்கள். அந்த ஒரு வரி தயாரிப்பின் பகுதியாகவே இருக்கட்டும்.

மெர்ஜுக்கும் இப்படி ஒரு பொறி உண்டு. மறு பிராஞ்சில் மட்டும் கமிட் போட்டுவிட்டு மெயினில் எதுவும் போடாமல் மெர்ஜ் செய்தால் ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆகிவிடும், அதாவது மெயின் அந்தக் கமிட்டுக்கு நகர்வதோடு சரி. மெர்ஜ் ஸ்ட்ராட்டஜி நிரலின் ஒரு வரிகூட ஓடியிருக்காது. மெர்ஜுக்குப் பின் ஹெட்டுக்கு (இப்போது நிற்கும் கமிட்) இரண்டு பெற்றோர் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

பெயர்மாற்றத்தைக் கண்டறிவதிலும் அப்படியே. உள்ளடக்கம் மாறாமல் பெயரை மட்டும் மாற்றினால் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) ஒப்பீட்டிலேயே வேலை முடிந்துவிடும், ஒற்றுமைக் கணக்கு நடக்காது. ஒரே வரியுள்ள கோப்பில் அந்த வரியையே மாற்றினால் ஒற்றுமை இயல்பான 50 விழுக்காட்டு வரம்புக்குக் கீழே போய், பெயர்மாற்றம் என்றே கொள்ளாது. பத்து வரிக் கோப்பில் ஒரு வரியை மாற்றுங்கள்.

கவரேஜ் அறிக்கையை நம்பி இந்தப் பொறிகளைத் தாண்ட முடியாது. ஒரு வரி ஓடியது என்று அது சொல்லும். விளைவை யாராவது சரிபார்த்தார்களா என்பது அதற்குத் தெரியாது.

உள் அமைப்பை நேராகத் தொடுவது

டாட்-கிட் அடைவுக்குள் ரெஃப்ஸ், ஹெட்ஸ் என்று போய் பிராஞ்சின் கோப்பைப் படிப்பது எளிது. ஆனால் 2024-இல் வந்த கிட் 2.45 முதல் ரெஃப்களை (கமிட்டைச் சுட்டும் பிராஞ்ச் போன்ற பெயர்கள்) வைக்க ரெஃப்டேபிள் என்ற வடிவமும் உண்டு, அதில் அந்தக் கோப்புகளே கிடையாது. கூடுதல் வொர்க்ட்ரீயில் டாட்-கிட் என்பது அடைவே அல்ல, ஒரு கோப்பு. ரெஃபை மாற்ற அப்டேட்-ரெஃப், பாதையை அறிய ரெவ்-பார்ஸின் கிட்-பாத் விருப்பம். இந்த இரண்டு போதும். டெஸ்ட்டில் ஹேஷை அப்படியே ஒட்டிவைக்காதீர்கள், அதன் நீளம் ஹேஷ் முறையைப் பொறுத்தது. ஷா-1-இல் 40 எழுத்து, ஷா-256-இல் 64. டெஸ்ட் முடிந்தபின் சூழல் மாறிகளை அமைத்து ஷா-256-இல் ஒருமுறை, ரெஃப்டேபிளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நேரம், இடம், எச்சம்

ஒரே நொடியில் மூன்று கமிட் விழுந்தால், தேதியை நம்பும் வரிசை எப்போது எப்படி வரும் என்று சொல்ல முடியாது. ஸ்லீப் போட்டுக் காத்திருப்பது தீர்வாகாது, தொகுப்பு மெதுவாவதுதான் மிச்சம். கிட்டின் 'டெஸ்ட்_டிக்' 2005 ஏப்ரலில் உள்ள ஒரு நிலையான நேரத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 60 நொடி கூட்டும். எப்போதாவது மட்டும் விழும் டெஸ்ட்டை 'ஸ்ட்ரெஸ்' விருப்பத்தோடு ஓட்டினால் பல நகல்கள் இணையாக ஓடி, விழும்வரை விடாது.

கிட் டெஸ்ட்டுகள் ஓடும் அடைவின் பெயர் 'டிராஷ் டைரக்டரி' என்று தொடங்கும். நடுவில் இருக்கும் இடைவெளி வேண்டுமென்றே வைத்தது, பாதையை மேற்கோளுக்குள் போடாதவர்கள் உடனே மாட்டிக்கொள்வார்கள். உள் அடைவுக்குப் போவதென்றால் சப்ஷெல்லுக்குள் (தனியாக ஓடும் துணை ஷெல்) போங்கள். இல்லாவிட்டால் டெஸ்ட் நடுவில் விழும்போது அடுத்தடுத்த டெஸ்ட்டுகள் தவறான இடத்தில் நிற்கும். கான்ஃபிக் மாற்றத்தை 'டெஸ்ட்_கான்ஃபிக்' மூலம் செய்தால் முடிவில் தானே நீங்கும். ஆனால் அதைச் சப்ஷெல்லுக்குள் அழைக்கக் கூடாது.

இன்னொரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளான மெர்க்யூரியலில் எதிர்பார்க்கும் வெளியீட்டைக் கட்டளையோடு சேர்த்தே எழுதுவார்கள். மாறிய வெளியீட்டை ஏற்கலாமா என்று ஊடாடும் முறையில் கருவி கேட்கும். படிக்காமல் 'ஆம்' தட்டினால், பக்கே எதிர்பார்ப்பாகப் பதிவாகிவிடும்.

கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட்டின் பைசெக்ட் ரன்னோடு புதிய டெஸ்ட்டை ஓட்டி, பழுது எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய கமிட்டுகளில் அந்த டெஸ்ட் இருக்காது, ஆகவே ரெப்போவுக்கு வெளியே ஒரு நகல் வைத்து ஒவ்வொரு படியிலும் உள்ளே போடுங்கள். பில்ட் ஆகாத கமிட்டில் ஸ்கிரிப்ட் 125 திருப்பினால் பைசெக்ட் அதைத் தாண்டிச் செல்லும். 1 திருப்பினால் அதுவும் 'பழுது' என்று கணக்காகி, குற்றமற்ற ஒரு கமிட்டைக் காட்டும்.