வீட்டை மீறிக் கல்யாணமா? பலரும் கோட்டைவிடும் இடங்கள்

எங்கள் பக்கம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கல்யாணத்தில் இசைவு பிடிமானம் என்று ஒன்று எழுதுவார்கள். இன்னார் மகனுக்கு இன்னார் மகள் என்று இரண்டு வீட்டாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் அது. அப்புறம் அவர்கள் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும், கோயிலில் வைக்கும் குடும்பக் கணக்கான புள்ளிக் கணக்கில் ஏற வேண்டும். இதெல்லாம் வேண்டாம், ஐயரும் ஹோமமும் வேண்டாம் என்று கிளம்புகிற பிள்ளைகள் அந்த எழுதிவைக்கிற புத்தியையும் சேர்த்து வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். காரைக்குடியில் நாலைந்து ஜோடிகளுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சிக்கல் வந்ததெல்லாம் காகிதத்தில்தான்.

முதலில் ஒரு பழைய வழக்கு. சடங்கில்லாத சுயமரியாதைக் கல்யாணங்கள் 1920களின் கடைசியிலிருந்தே தமிழ்நாட்டில் நடந்து வந்தன. தெய்வானை ஆச்சி, சிதம்பரம் செட்டியார் வழக்கில் (பெயரைப் பார்த்தாலே எந்தப் பக்கத்து வழக்கு என்று தெரியும்) அப்படி நடந்த கல்யாணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் சொல்லிவிட்டது. அதைச் சரிசெய்ய அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறி, 1968இல் நடைமுறைக்கு வந்ததுதான் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு. அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களுக்கும் அது செல்லும்.

அந்தப் பிரிவு கேட்பது ரொம்பக் கொஞ்சம். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ‘இவரை என் மனைவியாக, கணவராக ஏற்கிறேன்’ என்று சொல்ல வேண்டும், அல்லது மாலை மாற்ற வேண்டும், அல்லது மோதிரம் போட வேண்டும், அல்லது தாலி கட்ட வேண்டும். இதில் ஏதாவது ஒன்று போதும். புரோகிதர் தேவையில்லை, மண்டபம் தேவையில்லை, முகூர்த்தமும் தேவையில்லை.

இவ்வளவு சுலபமாக இருந்தும் அந்த ஒன்றைக்கூடச் செய்யாமல் நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போய் நிற்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. பதிவுச் சான்றிதழ் கையில் வந்துவிட்டால் கல்யாணம் ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் பதிவு என்பது நடந்த கல்யாணத்துக்கான அத்தாட்சி மட்டும்தான். கல்யாணமே நடக்காமல் வாங்கிய சான்றிதழுக்கு மதிப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தெளிவாகச் சொன்னது. முத்திரைத்தாளில் ‘நாங்கள் கணவன் மனைவி’ என்று எழுதி நோட்டரி முத்திரை வாங்கி வருகிறவர்களும் உண்டு. அது கல்யாணமே இல்லை, முத்திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும்.

வக்கீல் அறையில் நடந்த கல்யாணம் செல்லாது என்று இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாதிரி சொன்னது உண்மைதான், ஆனால் 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊரறிய அறிவித்துத்தான் கட்ட வேண்டும் என்று 7-ஏ கேட்கவில்லை, குடும்பத்துக்குப் பயந்து ஒளிந்து கட்டுகிறவர்களிடம் அப்படிக் கேட்டால் அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்றது. வக்கீல் அங்கே நண்பராக, உறவினராக நின்று சாட்சி சொல்லலாம், தொழில்முறை வக்கீலாக நின்று நடத்திவைக்கக் கூடாது. ஆகவே அவர் தன் லெட்டர்பேடில் அடித்துத் தருகிற ‘திருமணச் சான்றிதழ்’ அரசுப் பதிவுக்கு ஈடாகாது, அதற்குத் தனியாக ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது மதம். 7-ஏ இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான் (பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடக்கம்). ஒருவர் கிறிஸ்தவர், அல்லது இஸ்லாமியர் என்றால், மேடை போட்டு மாலை மாற்றினாலும் அந்தப் பிரிவு உதவாது. அதற்காக ஒரே நாளில் மதம் மாறியதாகக் காகிதம் வாங்கி வரச் சொல்கிற தரகர்களை நம்ப வேண்டாம், 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இதற்காகவே இருக்கிறது.

ஆனால் அதில் அவசரம் ஆகாது. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்த பிறகுதான், கல்யாணம் செய்யப்போகிறோம் என்று பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்க முடியும், கொடுத்த பிறகு இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். நோட்டீஸை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். இதில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள்: சென்னையில் கொடுத்தால் சிவகங்கைக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அதன் நகல் அந்த மாவட்டத்து அலுவலகத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். தேவகோட்டையில் ஒருவர் பத்திரம் பதியப் போன இடத்தில் பார்த்துவிட்டு வீட்டில் சொன்னால் முடிந்தது கதை. ஒட்டுகிற நாளிலிருந்து எங்கே தங்குவது என்று முன்பே முடிவு செய்துவிட்டு நோட்டீஸைக் கொடுங்கள். அப்பா வந்து கத்தினால் அது ஆட்சேபம் ஆகாது; வயது குறைவு, முந்தைய கல்யாணம் முறியாமல் இருப்பது, தடைசெய்யப்பட்ட உறவு மாதிரி சட்டம் சொல்லும் காரணங்களுக்குத்தான் மதிப்பு. சாதி அந்தப் பட்டியலில் இல்லை. கல்யாணத்தன்று மூன்று சாட்சிகள் வேண்டும், நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

தடைசெய்யப்பட்ட உறவு என்றதும் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் உறவெல்லாம் சிறப்புச் சட்டத்தின் தடைப்பட்டியலில் இருக்கிறது. முறைப்பையனையே ஓடிப்போய்க் கட்டுகிற நிலையும் இங்கே வரும், குடும்பச் சண்டை அப்படி. வழக்கம் அனுமதிப்பதால் அவர்களுக்கு 7-ஏதான் சரி.

சொத்தைப் பற்றி யாரும் அந்த நேரத்தில் யோசிப்பதில்லை. பரம்பரை வளவு வீட்டில் பங்கு வைத்திருக்கும் இந்துக் கூட்டுக்குடும்பத்துப் பிள்ளை வேறு மதத்தவரைச் சிறப்புச் சட்டத்தில் கட்டினால், கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்ததாகச் சட்டம் கருதும், அதற்குப் பிறகு வாரிசுரிமையும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி போகும். இருவரும் இந்து என்றால் இந்த இரண்டும் பொருந்தாது. பிரிவது என்றால் பங்கு போய்விடுகிறது என்று அர்த்தமில்லை, ஆனால் பெரியப்பா சித்தப்பா சொல்வதைக் கேட்டு எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

வயது: பெண்ணுக்கு 18, பையனுக்கு 21, முடிந்திருக்க வேண்டும். பதினேழு வயது பதினொரு மாதம் என்பது பதினேழுதான், அந்தப் பெண்ணின் சம்மதத்தைப் போக்சோ சட்டம் கணக்கில் எடுக்காது, பையன் உள்ளே போவான். ஆதாரை மட்டும் நம்பி வராதீர்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் என்று ஏதாவது ஒன்று அசலாக வேண்டும். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தியின் சான்றிதழ்கள் முழுவதும் ஆச்சியின் இரும்புப் பெட்டிக்குள், சாவி ஆச்சியின் இடுப்பில். அதற்காக இரண்டு மாதம் தள்ளிப் போனது.

கல்யாணம் முடிந்தால் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். மாலை மாற்றுகிற படத்தில் சாட்சிகளும் தெரிய வேண்டும். ஜோடி மட்டும் சிரிக்கிற செல்ஃபி யாருக்கும் உதவாது. நடந்த இடத்தையும் தேதியையும் மாற்றிப் போடாதீர்கள், நாளைக்கு வழக்கு வந்தால் சாட்சியும் காகிதமும் வேறு வேறு கதை சொல்லும்.

கடைசியாகப் போலீஸ். ‘பெண்ணைக் காணோம்’ என்று புகார் போகும், கட்டாயம் போகும். அதற்கு முன்பே இருவரும் கையெழுத்திட்டு, விரும்பித்தான் கட்டிக்கொண்டோம், பாதுகாப்பு வேண்டும் என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு அனுப்பி, ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். சாதி மீறிக் கட்டுகிறவர்களுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், தேவைப்பட்டால் தங்க பாதுகாப்பான இடமும் வேண்டும் என்று சக்தி வாஹினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனில் ‘ஒரு வாரம் வீட்டுக்குப் போயிட்டு வாம்மா, அப்புறம் நாங்களே சேர்த்து வைக்கிறோம்’ என்பார்கள். மேஜரான பெண்ணை அவள் விருப்பமில்லாமல் அப்படி அனுப்ப யாருக்கும் அதிகாரமில்லை. பெண்ணை ஆஜர்படுத்தச் சொல்லி வீட்டார் ஆட்கொணர்வு மனு போட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வரச் சொல்வார்கள். நீதிபதி பெற்றோரிடம் கேட்பதைவிட அவளிடம்தான் கேட்பார், வயது என்ன, யாரோடு போக விருப்பம் என்று. அன்றைக்கு வயதுச் சான்று அசலாக அவள் பையிலேயே இருக்கட்டும், அவன் பையில் வேண்டாம்.